நல்லா இருக்கிறவனை எதற்கு மறதி ஆய்வுக்குக் கூப்பிடுகிறார்கள்?

மணியம்_ஜெலுத்தோங்
திங்கள், காலை 7.12

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு வயது 69. துறைமுகத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன். பழைய உறுப்பினர்களுக்கு என்னைத் தெரியும், இந்த மன்றத்தின் கார் பேட்டரி இழையில் மூன்று நாள் சண்டை போட்டவன் நான்தான்.

போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். வீட்டுக்காரிக்குச் சர்க்கரைப் பரிசோதனை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போவோம். ஆறரைக்குக் கிளம்பினால்தான் கார் நிறுத்த இடம் கிடைக்கும். போய், எண் எடுத்து, உட்கார்ந்து, பாதித் தூக்கத்தில் இருந்தேன். கையில் எழுதுகிற அட்டையோடு ஒரு சின்னப் பெண் வந்தாள். சீனப் பிள்ளை, மலாயில் பேசினாள். "அங்கிள், ஞாபக சக்தி பற்றி ஓர் ஆய்வு நடக்கிறது, டிமென்ஷியாவைப் பற்றியது. அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் வேண்டும், விருப்பமா?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. "நான் ஞாஞோக் இல்லை", அதாவது மறதி பிடித்த கிழவன் இல்லை, என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். பக்கத்திலிருந்த மலாய்ப் பெரியவர் சிரித்துவிட்டார்.

வீட்டுக்காரி என்ன செய்தாள் தெரியுமா? போன பெண்ணைத் திரும்பக் கூப்பிட்டுத் தன் பெயரைக் கொடுத்துவிட்டாள். வியாழக்கிழமை போகவும் போனாள். நான் வெளியே உட்கார்ந்து தே ஓ கோசோங் (பால், சர்க்கரை இல்லாத தேநீர்) குடித்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே ஒரு தமிழ்ப் பிள்ளை, மாணவன் போலிருக்கிறது, இவளிடம் கேள்வி கேட்டிருக்கிறான். ஒரு நிமிடத்தில் எத்தனை விலங்குப் பெயர் சொல்ல முடியுமோ அத்தனையும் சொல்ல வேண்டுமாம். ஆடு, மாடு, நாய், பூனை என்று போய் அப்படியே நின்றுவிட்டதாம். கண்ணை மூடியிருக்கிறாள். சின்ன வயதில் ஒளிந்து விளையாடிய கோயில் வாகனக் கொட்டகை கண்ணுக்குள் வந்திருக்கிறது. மூஞ்சூறு, மயில், ரிஷபம், யானை, குதிரை, சிங்கம், அன்னம், கருடன் என்று கொட்டகையில் நிறுத்தியிருந்த வரிசையிலேயே சொல்லிக்கொண்டு போய் யாளி என்று முடித்திருக்கிறாள். பையன் பேனாவை நிறுத்திவிட்டு, "ஆண்ட்டி, யாளி கணக்கில் வருமா தெரியலையே" என்றானாம்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இதையே சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தாள். எனக்குத்தான் மனதில் ஒன்று தங்கிவிட்டது. அவளுக்கு மறதி கிடையாது. மளிகைக்கடை பாக்கி சென்டோடு சொல்வாள். அப்புறம் ஏன் அவளைச் சேர்த்துக்கொண்டார்கள்? நோயே இல்லாதவரை வைத்து நோயைப் பற்றி என்ன ஆராய்ச்சி? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செந்தூல்காரன்
திங்கள், காலை 8.03

நீங்கள் செய்ததுதான் சரி அண்ணே. எலி கிடைக்கவில்லை என்றால் நம்மைப் பிடிப்பார்கள்.

சும்மா சொல்லவில்லை. எங்கள் அப்பா இருந்தபோது இப்படித்தான் ஓர் ஆய்வு என்று கூப்பிட்டார்கள். எந்த இடம் என்று எழுத விரும்பவில்லை. நாலு குழாய் இரத்தம் எடுத்தார்கள், ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார்கள், ஒரு துண்டும் ஒரு பாக்கெட் பிஸ்கட்டும் கொடுத்து அனுப்பினார்கள். அவ்வளவுதான். என்ன கண்டுபிடித்தார்கள், அப்பாவுக்கு என்ன இருந்தது, ஒரு வார்த்தை கிடையாது. சாகும் வரை அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்: "அந்த இரத்தம் என்னாச்சுப்பா?"

பரமேஸ்_ஓய்வுத்தாதி
திங்கள், மதியம் 1.40

மணியம் அண்ணே, நீங்கள் கேட்டதைத்தான் நான் தாதியாக இருந்த காலத்தில் வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பார்கள். மீதிப் பேர் கேட்காமலே எழுந்து போய்விடுவார்கள்.

நோய் இல்லாதவர் ஏன் வேண்டும் என்றால், ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் அல்லவா? எழுபது வயதில் சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவது வயதின் கோளாறா, நோயின் தொடக்கமா? எழுபது வயதில் நன்றாக இருக்கிற நூறு பேரைப் பார்த்தால்தான் அந்தக் கோடு எங்கே விழுகிறது என்று தெரியும். இன்னொன்று, இந்த நோய் ஞாபகத்தில் தெரிவதற்குப் பத்துப் பதினைந்து வருடம் முன்னாலேயே மூளைக்குள் வேலையை ஆரம்பித்துவிடுகிறது. நோய் வந்தவரை மட்டும் பார்ப்பது, வீடு எரிந்தபிறகு வந்து எங்கிருந்து தீ பிடித்தது என்று சாம்பலைக் கிளறுவது மாதிரி. நன்றாக இருக்கும்போதே சேர்த்து வருடக்கணக்கில் பின்தொடர்ந்தால்தான் யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை, என்ன வித்தியாசம் என்று பார்க்கலாம்.

ஆய்வு என்றதும் எல்லாரும் ஊசியையும் மாத்திரையையும் நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலான ஆய்வில் மருந்தே கிடையாது. கேள்வி கேட்பார்கள், கைப்பிடி பலம் பார்ப்பார்கள், நடக்கச் சொல்வார்கள், சிலதில் இரத்தம், சிலதில் ஸ்கேன். உங்கள் வீட்டம்மா போனதும் அந்த வகைதான் என்று தோன்றுகிறது.

செந்தூல் தம்பி, உங்கள் அப்பா விஷயத்தில் உங்கள் கோபம் நியாயம். அதை மழுப்ப மாட்டேன். தனி ஆளின் முடிவைச் சொல்லாத ஆய்வுகள் உண்டு, ஏனென்றால் அந்த இரத்தத்தில் பார்ப்பது பல சமயம் வைத்தியத்துக்கான பரிசோதனையே அல்ல. ஆனால் அதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் "முடிவை எனக்குச் சொல்வீர்களா, மாட்டீர்களா?" என்று கேளுங்கள். வாயால் சொன்னால் போதாது, தாளில் எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். பரிசோதனையில் என்னென்ன கேட்டார்கள் என்று இங்கே விவரமாக எழுதாதீர்கள். அடுத்துப் போகிறவர் படித்துவிட்டுப் போனால் பரிசோதனை கெட்டுவிடும். யாளி வரைக்கும் சரி.

மணியம்_ஜெலுத்தோங்
திங்கள், மதியம் 2.15

சரிங்கம்மா. வாயை மூடிக்கொண்டேன்.

பட்டர்வொர்த்_பாலன்
திங்கள், இரவு 9.26

நல்ல இழை. கொஞ்சம் எண்ணிக்கையும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள், கணக்கு வாத்தியார் புத்தி.

நம் நாட்டில் 2018-ல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில், 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.5 விழுக்காட்டினருக்கு டிமென்ஷியா இருக்கக்கூடும் என்று வந்தது. பன்னிரண்டு பேரில் ஒருவர். அறுபதாம் கல்யாணப் பந்தியில் ஒரு வரிசைக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த எண் எப்படிக் கிடைத்தது? வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டிக் கேட்டதில் கிடைத்தது. கதவைத் திறந்து பதில் சொன்ன அத்தனை கிழவன் கிழவிகளும் ஆராய்ச்சியில் பங்கெடுத்தவர்கள்தான். அவர்களிடம் போய் "நீங்கள் ஆராய்ச்சிக்கு உதவினீர்களா?" என்று கேட்டால் இல்லை என்பார்கள்.

மலாயாப் பல்கலைக்கழகத்தின் மெலோர் ஆய்வு கிள்ளான் பள்ளத்தாக்கில் 55 வயதுக்கு மேற்பட்டவர்களை எடுத்து ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தது. மலேசியத் தேசியப் பல்கலைக்கழகமான யூகேஎம்மின் துவா ஆய்வில் நாலு மாநிலங்களிலிருந்து 2,322 முதியவர்கள். இதெல்லாம் நம் நாட்டிலேயே நடந்தது. காப்பிக்கடையில் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், ஒருவருக்கும் தெரியாது.

வெளிநாட்டுக் கதை ஒன்று. அமெரிக்காவில் 1986-ல் டேவிட் ஸ்னோடன் என்பவர் கன்னியாஸ்திரிகளிடம் போனார். எல்லாருக்கும் ஒரே சாப்பாடு, ஒரே மாதிரி வாழ்க்கை, சாராயம் சிகரெட் கிடையாது, ஆராய்ச்சிக்கு இதைவிட வசதி வேறில்லை. 678 பேர் ஒப்புக்கொண்டார்கள். எல்லாருமே 75 வயது தாண்டியவர்கள். வருடா வருடம் பரிசோதனை. செத்தபிறகு மூளையையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதிக்கொடுத்தார்கள். இருபது வயது வாக்கில் மடத்தில் சேரும்போது அவர்கள் எழுதிய சுயசரிதைக் கட்டுரைகள் பெட்டியில் பத்திரமாக இருந்தன. இளமையில் எழுத்தில் கருத்து அடர்த்தியாக இருந்தவர்களுக்கு முதுமையில் இந்த நோய் குறைவாகக் காணப்பட்டது. இன்னும் ஆச்சரியம், சிலருடைய மூளையில் நோயின் அடையாளம் நிறைய இருந்தும் கடைசி வரை தெளிவாகவே இருந்திருக்கிறார்கள். நோயாளிகளை மட்டும் பார்த்திருந்தால் இது எந்தக் காலத்திலும் தெரிந்திருக்காது.

செந்தூல்காரன்
திங்கள், இரவு 10.01

வாத்தியாரே, கன்னியாஸ்திரி கதை நல்லா இருக்கு. மருந்துக் கம்பெனி கதையையும் சொல்லுங்கள். லெக்கனமாப் என்று இந்த நோய்க்கு ஒரு மருந்து வந்ததே, எவ்வளவு விலை, எவ்வளவு பலன்?

பட்டர்வொர்த்_பாலன்
திங்கள், இரவு 10.48

கேட்டீர்கள், சொல்கிறேன். அந்த மருந்தைச் சோதித்த ஆய்வில் 1,795 பேர். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் ஊசி. 18 மாதம். மருந்து எடுத்தவர்கள் சரிந்த வேகம் மற்றவர்களைவிட 27 விழுக்காடு குறைவு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 18 புள்ளி அளவுகோலில் இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் 0.45தான். மூளையில் வீக்கமும் சிறு இரத்தக் கசிவும் சிலருக்கு வந்தன. அமெரிக்காவில் 2023 ஜூலையில் முழு அனுமதி கொடுத்தார்கள். இது போதுமா போதாதா என்று மருத்துவர்களே இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். நோய் நிற்கவில்லை, மெதுவாகிறது, அவ்வளவுதான்.

விலையை விடுங்கள். ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்குத்தான் இந்த மருந்து. அந்த நிலையில் யார் நம் ஆட்கள் கிளினிக்குக் காட்ட வருகிறார்கள்? "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று மூன்று வருடம் ஓட்டிவிட்டுத்தானே கூட்டிப் போகிறோம்.

வல்லாரை_வைத்தியர்
செவ்வாய், காலை 6.30

[இப்பதிவு நீக்கப்பட்டது]

நெறியாளர்
செவ்வாய், காலை 7.05

நாற்பது நாளில் ஞாபகசக்தி, ஒரு டப்பா 180 ரிங்கிட், இரண்டு எடுத்தால் தபால் இலவசம். அண்ணே, இது மூன்றாவது தடவை. வல்லாரைத் துவையல் செய்முறை என்றால் சமையல் பகுதியில் போடுங்கள், எல்லாரும் சாப்பிடுகிறோம்.

கவிதா_பிரிக்பீல்ட்ஸ்
செவ்வாய், இரவு 11.20

இரண்டு நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று இருந்தது.

அம்மாவுக்கு 74. போன வருடம்தான் டிமென்ஷியா என்று சொன்னார்கள், ஆரம்ப நிலை. அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். நாங்கள் தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில்தான் வளர்ந்தோம். தமிழ்ப்பள்ளியில் நாலாவது வரை படித்தார். இருபது பேரை வைத்துக் கூட்டு (சீட்டு) நடத்தியவர், யார் எத்தனையாவது மாதம் எடுத்தார்கள், யார் பாக்கி என்று ஒரு துண்டுத் தாள் இல்லாமல் மனதிலேயே வைத்திருந்தவர். அவரிடம் போய் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள் என்று மலாயில் கேட்டால் விழிக்காமல் என்ன செய்வார்? இப்போது என்ன பருவம் என்று ஒரு கேள்வி. "டுரியான் சீசன்" என்றார். கேட்டவர் தப்பு என்று குறித்துக்கொண்டார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நம் ஊரில் அதைவிடச் சரியான பதில் என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. (பரமேஸ் அக்கா மன்னிக்கணும், இது எல்லாருக்கும் தெரிந்த கேள்விதான்.)

நான் சொல்ல வந்தது அதுவல்ல. அதற்கு இரண்டு மாதம் கழித்து, அங்கேயே ஒரு டாக்டர், ஓர் ஆய்வு இருக்கிறது, மருந்து எதுவும் இல்லை, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வந்தால் போதும் என்றார். அம்மாவைப் பார்த்துத்தான் கேட்டார். அம்மா வாயைத் திறப்பதற்குள் நான் "வேண்டாம் டாக்டர், அம்மாவுக்குச் சிரமம்" என்று சொல்லிவிட்டேன். உண்மையில் சிரமம் எனக்கு. ஒவ்வொரு தடவையும் லீவு போடணும், கிராப் வாடகைக் கார் பிடிக்கணும், வாசலில் சக்கர நாற்காலி தேடணும். டாக்டர் வற்புறுத்தவில்லை. லிஃப்டில் இறங்கும்போது அம்மா கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"என்னைத்தானே கேட்டாங்க."

வேறு ஒன்றும் சொல்லவில்லை. கார் பார்க் வந்ததும் வேறு பேச்சுக்குப் போய்விட்டார். ஒருவேளை அவருக்கு அது இப்போது நினைவில்கூட இருக்காது. எனக்கு இருக்கிறது.

மணியம்_ஜெலுத்தோங்
புதன், காலை 6.48

கவிதாம்மா, உங்கள் பதிவை வீட்டுக்காரியிடம் வாசித்துக் காட்டினேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து கேட்டாள்.

எங்கள் வீட்டிலும் அதே கதைதான். கோலாலம்பூரில் இருக்கும் மகனிடம் விஷயத்தைச் சொன்னதும், "யாரைக் கேட்டு அம்மா பெயர் கொடுத்தாங்க? ஐசி நம்பர் எல்லாம் கொடுத்தீங்களா? மக்காவ் ஸ்கேம் நடக்கிற காலத்தில்..." என்று அரை மணி நேரம். ஐசி என்றால் அடையாள அட்டை, மக்காவ் ஸ்கேம் என்றால் தொலைபேசியில் ஏமாற்றிப் பணம் பறிப்பது. அவன் பயமும் புரிகிறது. எங்கள் குடியிருப்பில் ஒருவர் போலீஸ் பேசுகிறது என்று நம்பி இபிஎஃப் எனும் சேமநிதிப் பணத்தையே இழந்தார். ஆனால் நாற்பது வருடம் குடும்பத்தை நடத்தியவளிடம், யாரைக் கேட்டு என்று கேட்பது என்ன நியாயம்?

பரமேஸ்_ஓய்வுத்தாதி
புதன், மதியம் 12.30

மகன் கேட்டதில் தப்பில்லை அண்ணே, கேட்க வேண்டிய ஆளை விட்டுவிட்டார். கேள்வி ஆய்வுக்காரர்களிடம் போக வேண்டும்.

உண்மையான ஆய்வு என்றால் கையில் ஒரு தகவல் தாள் கொடுப்பார்கள், வீட்டுக்கு எடுத்துப்போய் வாசிக்கலாம், பிள்ளைகளிடம் காட்டலாம், உடனே கையெழுத்துப் போடு என்று நிற்க மாட்டார்கள். யார் நடத்துகிறார்கள், எந்த நெறிமுறைக் குழு அனுமதித்தது, புகார் என்றால் யாரைக் கூப்பிடுவது, எல்லாம் அதில் இருக்கும். சுகாதார அமைச்சின் மருத்துவமனையில் நடந்தால் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் எண் இருக்கும். பணம் கட்டு என்றாலோ, கைப்பேசிக்கு வந்த இரகசிய எண்ணைச் சொல் என்றாலோ அது ஆய்வே இல்லை, வைத்துவிடுங்கள். நடுவில் பிடிக்கவில்லை என்றால் காரணம்கூடச் சொல்லாமல் விலகலாம், உங்கள் வழக்கமான வைத்தியத்தில் கை வைக்கக் கூடாது. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி கூடவே இருந்து, எல்லாம் விளக்கப்பட்டது என்று கையெழுத்திட வேண்டும். கைநாட்டு வாங்கிக்கொண்டு அனுப்புவது முறையல்ல.

கவிதா, உங்களுக்கு ஒன்று. டிமென்ஷியா என்று சீட்டு எழுதிவிட்டாலே ஒருவர் சம்மதம் சொல்லும் தகுதியை இழந்துவிடுவதில்லை. ஆரம்ப நிலையில் பலரும் தாங்களே புரிந்துகொண்டு முடிவெடுக்கிறார்கள். முடியாத நிலை வந்தால்தான் சட்டப்படி குடும்பத்தார் சொல்வது. அப்போதுகூட அவர் முகம் சுளித்தால் நிறுத்த வேண்டும். நீங்கள் திரும்பவும் கேட்கலாம். வேண்டாம் என்று ஒரு தடவை சொன்னதால் கதவை யாரும் பூட்டுவதில்லை.

உங்கள் அலைச்சலும் சின்ன விஷயம் இல்லை. இந்த நோய்க்கான ஆய்வுகளில் பெரும்பாலும் கூட ஒருவர் வர வேண்டும் என்பார்கள், அவரை நன்கு அறிந்தவராக. தனியாக இருக்கும் முதியவர்கள், பிள்ளைகள் சிங்கப்பூரில் இருப்பவர்கள், எல்லாரும் அங்கேயே கழன்றுவிடுகிறார்கள். போக்குவரத்துச் செலவு தருவார்களா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். வீட்டுக்கு வந்து செய்வீர்களா என்றும் கேளுங்கள்.

மொழி விஷயத்தில் ஒரு பழைய கதை. இரத்த அழுத்த மருந்து ஆய்வு ஒன்றில் வேலை செய்தபோது தமிழில் தகவல் தாள் இருந்தது. இருந்தது என்றால், யாரோ அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதியது. ஒரு பாட்டி கண்ணாடி போட்டுக்கொண்டு வரி வரியாக வாசித்தார். "மருந்துப்போலி" என்ற இடத்தில் விரலை வைத்து நிறுத்தி, "தாதிம்மா, எனக்குச் சர்க்கரை இருக்கே, போளி எல்லாம் குடுப்பீங்களா?" என்றார். மருந்து இல்லாத வெறும் மாத்திரை பாட்டி, யாருக்கு எது என்று எங்களுக்கே தெரியாது, சீட்டுக் குலுக்குவது மாதிரி என்று சொன்னதும் உடனே புரிந்துகொண்டார். "அப்ப வெறும் மாத்திரை வந்தாலும் நான் பிரயோசனம்தானே?" என்று கேட்டார். அந்தத் தாளைத் தயாரித்த யாரும் இவ்வளவு தெளிவாக எழுதவில்லை.

கூலிம்_குமார்
புதன், மாலை 5.55

பாட்டிக்கு என் வணக்கம்.

லெஸ்டர்_பினாங்குக்காரன்
புதன், இரவு 11.58

ஆயர் ஈத்தாமில் பிறந்தவன், முப்பது வருடமாக இங்கிலாந்தில். எனக்கு 61. இங்கே 2015-லிருந்து ஜாயின் டிமென்ஷியா ரிசர்ச் என்று ஒரு பதிவு முறை இருக்கிறது. 18 வயது தாண்டிய யாரும் பெயர் கொடுக்கலாம், நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும். வயது, உடம்புக்கு என்ன, எந்த ஊர் என்று பதிந்துவிட்டால், பொருந்துகிற ஆய்வு வரும்போது கூப்பிடுவார்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்.

நான் எப்படித் தெரிந்துகொண்டேன் என்று நினைக்கிறீர்கள்? டாக்டர் சொல்லவில்லை. நூலகத்தில் குளிருக்கு ஒதுங்கியபோது சுவரில் ஒட்டியிருந்தது. பதிந்து ஒரு வருடத்தில் இரண்டு ஆய்வுக்குக் கேள்வித்தாள் நிரப்பினேன், இரண்டும் வீட்டில் சோபாவில் உட்கார்ந்தபடி. நம் ஆட்களிடம் கோயிலில் சொன்னேன். "அந்த நோய் நமக்கு ஏம்ப்பா" என்றார் ஒருவர். அவர் அண்ணன் அந்த நோயில்தான் போனார். குடும்பத்தில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை.

பட்டர்வொர்த்_பாலன்
வியாழன், காலை 7.30

லெஸ்டர் அண்ணன் சொன்னதில் ஒன்றைப் பிடித்துக்கொள்கிறேன். 1998-ல் 10/66 என்று ஓர் ஆய்வுக் குழு தொடங்கினார்கள். பெயரே ஒரு கணக்குதான். டிமென்ஷியா உள்ளவர்களில் 66 விழுக்காடு வளரும் நாடுகளில், ஆனால் அங்கே நடக்கும் ஆய்வு 10 விழுக்காட்டுக்கும் குறைவு. அவர்கள் எடுத்துக்கொண்ட ஊர்களில் சென்னையும் ஒன்று. பள்ளிக்கூடம் போகாதவரைப் படிப்பாளிக்கு வைத்த அளவுகோலால் அளந்தால் நோய் இல்லாதவருக்கும் இருக்கிற மாதிரி காட்டும் என்பது அவர்கள் முதலிலேயே கையில் எடுத்த பிரச்சினை. கவிதாவின் அம்மாவுடைய டுரியான் பதில் மாதிரிதான்.

நமக்கு இதில் தனிக் காரணமும் இருக்கிறது. லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024-ல் தவிர்க்கக்கூடிய 14 காரணங்களைப் பட்டியல் போட்டது, எல்லாவற்றையும் சரி செய்தால் உலகில் ஏறக்குறைய 45 விழுக்காடு டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று மதிப்பிட்டது. சர்க்கரை அதில் ஒன்று. மலேசியாவில் 2019-ல் எடுத்த சுகாதார ஆய்வில் சர்க்கரை அதிகம் இருந்தது யாருக்கு? இந்தியர்களுக்கு, 31.4 விழுக்காடு. மற்ற இனங்கள் பக்கத்தில்கூட வரவில்லை. சர்க்கரையோடு முப்பது வருடம் வாழும் தமிழ்க் கிழவனின் மூளைக்கு என்ன ஆகிறது என்று தெரிய வேண்டுமானால் சர்க்கரையோடு முப்பது வருடம் வாழ்ந்த தமிழ்க் கிழவன்தான் போய் உட்கார வேண்டும். பின்லாந்துக்காரன் வந்து உட்கார முடியாது. (அவர்கள் தங்கள் பங்கைச் செய்துவிட்டார்கள். 60 முதல் 77 வயது வரை 1,260 பேர், இரண்டு வருடம், மருந்தே இல்லாமல் சாப்பாடு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, இரத்த அழுத்தக் கண்காணிப்பு. முடிவு 2015-ல் வந்தது; சிந்தனைத் திறன் பரிசோதனைகளில் அந்தக் குழு மேலே நின்றது.)

செந்தூல்காரன்
வியாழன், காலை 9.10

வாத்தியாரே, எல்லாம் சரி. சர்க்கரை இருந்தால், இதயத்தில் ஸ்டெண்ட் இருந்தால், கண் சரியில்லை என்றால் உங்களுக்குத் தகுதி இல்லை என்று திருப்பி அனுப்புகிற ஆய்வும் உண்டே? எங்கள் மாமாவை அப்படித்தான் அனுப்பினார்கள். வரச் சொல்வதும் அவர்கள், போகச் சொல்வதும் அவர்கள்.

பரமேஸ்_ஓய்வுத்தாதி
வியாழன், மதியம் 12.45

உண்டு தம்பி. மருந்து ஆய்வில் பாதுகாப்புக்காகச் செய்வது. ஆனால் அளவுக்கு மீறிச் செய்கிறார்கள் என்பது என் சொந்த அபிப்பிராயம். எழுபது வயதில் ஒரு வியாதியும் இல்லாத ஆளைத் தேடினால் பத்துமலைப் படியில் பால்குடம் எடுத்து ஓடுகிற நாலு பேர்தான் கிடைப்பார்கள். மாமாவிடம் காரணத்தையாவது பொறுமையாகச் சொல்லியிருக்கலாம்.

கவிதா_பிரிக்பீல்ட்ஸ்
வெள்ளி, இரவு 10.15

இன்றைக்கு அம்மாவிடம் கேட்டேன். சாப்பிட்டு முடித்து, டிவியை அணைத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து, முதலிலிருந்து சொன்னேன். டாக்டர் கேட்டது, நான் குறுக்கே பேசியது, எல்லாம். லிஃப்டில் சொன்னது அவருக்கு நினைவில்லை. "ஊசி உண்டா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "தமிழ்ல பேசுவாங்களா?" என்றார். கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். "நீ லீவு போடணுமே" என்றார்.

அடுத்த சந்திப்பு மாத முடிவில். பெட்டாலிங் ஜெயாவில் இருக்கும் அல்ஸைமர் (டிமென்ஷியாவில் ஒரு வகை) அறக்கட்டளையையும் அழைத்துப் பார்க்கப் போகிறேன். 1997-லிருந்து இயங்குகிறார்கள், கூட வருகிறவர்கள் லீவு பிரச்சினையை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று அங்கே யாருக்காவது தெரிந்திருக்கும்.

மணியம்_ஜெலுத்தோங்
சனி, காலை 8.20

நானும் கூப்பிட்டுவிட்டேன். வீட்டுக்காரி அந்தத் தகவல் தாளைக் குளிர்பெட்டி மேலே காந்தத்தில் மாட்டி வைத்திருந்தாள், பேசாமல். நாலு நாள் தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் பார்த்தேன். ஐந்தாம் நாள் எண்ணைச் சுழற்றினேன். அதே சீனப் பெண்தான் எடுத்தாள். பெயர் சொன்னேன், புரியவில்லை. "அன்றைக்கு ஞாஞோக் இல்லை என்று சொன்ன ஆள்" என்றேன். "ஓ, அந்த அங்கிளா!" என்று சிரித்தாள். அவர்களுக்கு ஆண்கள்தான் குறைச்சலாம். பெண்கள் வருகிறார்களாம், புருஷன்மார்கள் வெளியே உட்கார்ந்து காப்பி குடிக்கிறார்களாம். என்னைப் பார்த்துத்தான் சொன்னாளா தெரியவில்லை.

ஒரு சிக்கல். பரமேஸ்ம்மா சொன்ன மாதிரி, என்னை நன்கு அறிந்த ஒருவர் தனி அறையில் உட்கார்ந்து என்னைப் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டுமாம். பணத்தை ஒழுங்காகக் கையாள்கிறாரா, சொன்னதையே திரும்பச் சொல்கிறாரா, கோபம் அதிகமாகியிருக்கிறதா, இப்படி. வீட்டுக்காரி முகத்தில் இவ்வளவு சந்தோஷத்தை நான் மகன் கல்யாணத்துக்குப் பிறகு பார்க்கவில்லை.

செந்தூல்காரன்
சனி, காலை 9.02

கோபம் அதிகமா என்று கேட்டால் கார் பேட்டரி இழையைக் காட்டச் சொல்லுங்கள்.

அண்ணே, போகிறபோது ஒன்று கேட்டு வாருங்கள். தமிழ்த் தாள் இருக்கிறதா, கோலாலம்பூரில் இதே ஆய்வு எங்காவது நடக்கிறதா என்று. அம்மா கேட்கிறார். நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். கவிதா பதிவை அக்கா வாசித்துக் காட்டிவிட்டாள். இப்போது வீட்டில் என் பேச்சு எடுபடவில்லை. ஆனால் இரத்தம் எடுத்தால் என்னாச்சு என்று சொல்வதாக எழுத்தில் வேண்டும். அதில் மாற்றமில்லை.

பரமேஸ்_ஓய்வுத்தாதி
சனி, காலை 11.30

எழுத்தில் கேளுங்கள். கொடுக்காவிட்டால் அம்மாவிடம் சொல்லுங்கள், அவரே முடிவு செய்வார்.

மணியம்_ஜெலுத்தோங்
சனி, மதியம் 12.05

கேட்டு வருகிறேன் தம்பி. வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு. ஆறரைக்கே கிளம்புகிறோம், கார் நிறுத்த இடம் வேண்டுமே. விலங்குப் பெயர் எதையும் மனப்பாடம் செய்துகொண்டு வரக்கூடாது என்று வீட்டில் உத்தரவு. யாளி கணக்கில் வந்ததா என்றும் விசாரித்துச் சொல்கிறேன்.